முதல் நாள் மாத்திரை எதற்காக?

மாரடைப்போடு ஒருவர் இதயப் பிரிவில் சேர்ந்ததும் அவசர அவசரமாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நிமிடமே வேலை இருக்கிறது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கின்றன. ஹெபாரின் உறைவு மேலும் வளராமல் பார்த்துக்கொள்கிறது. இவற்றுக்கு நடுவே அட்டோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் என்று ஒரு மாத்திரையும் இருக்கும். அது அடைப்பைக் கரைக்காது, நெஞ்சு வலியைத் தணிக்காது, துடிப்பைச் சீராக்காது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியை மட்டுப்படுத்துவதே அதன் தொழில். அந்தத் தொழிலின் பலன் ரத்தப் பரிசோதனையில் முழுதாகத் தெரியவே சில வாரங்கள் பிடிக்கும். அப்படிப்பட்ட மருந்துக்கு இந்தக் களேபரத்தில் என்ன அவசரம்? இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: ஸ்டாடின் கொழுப்பைக் குறைப்பது மட்டுமின்றி ரத்தக்குழாய்ச் சுவரின் அழற்சியை உடனடியாகத் தணித்து, வெடித்த கொழுப்புத் திட்டை உறுதிப்படுத்துகிறது என்பது அது. முதல் நாளே இந்த மாத்திரையைக் கொடுப்பது சரியான பழக்கம்தான். ஆனால், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் இந்தக் காரணத்துக்கு ஆதாரம் மெலிந்தது. வலுவான காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

ஸ்டாடினின் கதை அவசர சிகிச்சையில் தொடங்கியதல்ல. டோக்கியோவில் சாங்க்யோ நிறுவனத்தில் பணிபுரிந்த அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து காம்பாக்டினைப் பிரித்தெடுத்தார். கொலஸ்ட்ரால் தயாரிப்பின் தொடக்கப் படிகளில் ஒன்றை நடத்தும் ஹெச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியை அது முடக்கியது. சொந்த உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1987இல் லோவாஸ்டாடின் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு ஐயத்துக்கிடமில்லாத விடை 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து கிடைத்தது. இதயநோயாளிகள் 4,444 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஐந்தாண்டுக்கு மேல் கவனித்ததில், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேரும் சிம்வாஸ்டாடின் சாப்பிட்டவர்களில் 182 பேரும் இறந்திருந்தார்கள். அந்த ஆய்வின் வரைபடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். உயிர்பிழைப்பைக் காட்டும் இரண்டு கோடுகளும் முதல் ஓராண்டு வரை ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்றாகவே ஓடுகின்றன. பிறகுதான் விலகத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி அகலமாகிறது. அத்துடன், கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அடுத்து வந்த கேர், லிப்பிட் ஆகிய பெரிய ஆய்வுகளும் குறைந்தது மூன்று மாதம் கழிந்தவர்களையே எடுத்துக்கொண்டன. ஆக, மாரடைப்புக்குப் பிந்தைய முதல் மாதங்களைப் பற்றி 1990களின் இறுதி வரை நம்பத்தக்க தகவல் இல்லை.

ஆபத்து மிக அதிகமாக இருப்பதோ அந்த மாதங்களில்தான். மாரடைப்புக்குக் காரணமான திட்டு பெரும்பாலும் குழாயை முக்கால் பங்கு அடைத்துக்கொண்டிருந்த பழைய கெட்டித் திட்டாக இருப்பதில்லை. உள்ளே மெதுவான கொழுப்புக் குவியலும், அதைத் தின்று வீங்கிய மேக்ரோஃபேஜ் செல்களும், மேலே மெல்லிய நார்த்திசு மூடியும் கொண்ட திட்டே வெடிக்கிறது. திடீர் மரணமடைந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்த நோயியல் வல்லுநர்கள், வெடித்த மூடிகளில் 95 சதவீதம் 65 மைக்ரோமீட்டரைவிட மெல்லியவை என்று 1997இல் கண்டார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லாத அந்தச் சவ்வு கிழிந்ததும் உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொடுகிறது, ரத்தம் உறைகிறது. ஒரு திட்டு வெடித்தவருக்கு அதே நாட்களில் வேறு குழாய்களிலும் கொதிநிலையில் திட்டுகள் இருப்பது உண்டு. ஸ்டென்ட் வைப்பது ஓர் இடத்தைச் சரிசெய்யும். மற்ற இடங்களுக்கு யார் காவல் என்ற கேள்வியிலிருந்துதான் ‘உடனே ஸ்டாடின்’ என்ற எண்ணம் பிறந்தது. எண்ணம் நியாயமானது. அது உண்மையா என்பது தனிக் கேள்வி.

முதலில் வந்த சான்றுகள் மலைக்க வைத்தன. அமெரிக்காவின் தேசிய மாரடைப்புப் பதிவேட்டிலிருந்து மூன்று லட்சம் நோயாளிகளின் விவரங்களை அலசி 2005இல் ஒரு கட்டுரை வெளியானது. சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் புதிதாக ஸ்டாடின் தொடங்கப்பட்டவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 4 சதவீதம். ஸ்டாடின் கிடைக்காதவர்களில் 15.4 சதவீதம். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். இதை அப்படியே நம்புவதற்கு முன் வேறொரு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாரடைப்பில் ஆஸ்பிரினின் மதிப்பை நிலைநாட்டிய ஐசிஸ்-2 ஆய்வு (1988) 17,187 பேரைக் குலுக்கல் முறையில் சோதித்தது. ஐந்து வாரத்தில் ரத்தநாள நோயால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் இல்லாத குழுவில் 11.8 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 9.4 சதவீதம். உறைவை நேரடியாகத் தாக்கும் ஆஸ்பிரினே மரணத்தை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் தடுத்தது. கல்லீரலில் மெதுவாக வேலை செய்யும் ஸ்டாடின் சில நாட்களுக்குள் நான்கில் மூன்று பங்கு மரணங்களைத் தடுத்துவிட்டது என்றால் அது மருந்தியலில் கேள்விப்படாத அதிசயம்.

அதிசயத்துக்கு எளிய விளக்கம் உண்டு. முதல் நாளில் வாய்வழியே கொழுப்பு மாத்திரை எழுதிக்கொடுக்கும் அளவுக்கு யாருடைய நிலைமை இருக்கிறது? ரத்த அழுத்தம் படுத்துவிட்டவர், செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர், வந்த சில மணி நேரத்திலேயே இறந்தவர் ஆகியோரின் கேஸ் ஷீட்டில் ஸ்டாடின் ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. மருத்துவர் மனத்தளவில் ‘இவர் தப்பிவிடுவார்’ என்று முடிவுகட்டிய பிறகுதான் நீண்டகால மருந்துகளைப் பற்றி யோசிக்கிறார். அப்படியானால் மாத்திரை பிழைப்புக்குக் காரணமா, பிழைக்கும் தறுவாயில் இருந்ததால் மாத்திரை கிடைத்ததா? வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் என்று கணக்கில் எத்தனை திருத்தங்கள் செய்தாலும், படுக்கையருகே நின்ற மருத்துவரின் அந்த மதிப்பீடு எந்தப் பதிவேட்டிலும் எண்ணாக இல்லை. இல்லாத எண்ணைத் திருத்த முடியாது. ஸ்டாடினை நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்று காட்டிய பதிவேட்டு ஆய்வுகளுக்கும் இதே பலவீனம் உண்டு. விழுங்க முடியாத நிலைக்குப் போனவருக்குத்தானே மாத்திரை நிறுத்தப்படுகிறது.

குலுக்கல் முறை இந்தச் சிக்கலை வேரோடு அறுக்கிறது. யாருக்கு மாத்திரை என்பதை மருத்துவரின் மனம் தீர்மானிப்பதில்லை. அத்தகைய முதல் பெரிய ஆய்வான மிராக்கிள் 2001இல் வெளியானது. நிலையற்ற நெஞ்சுவலியோ சிறிய மாரடைப்போ வந்த 3,086 பேருக்கு 24 முதல் 96 மணி நேரத்துக்குள் அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. அல்லது போலி மாத்திரை தொடங்கி 16 வாரம் தொடர்ந்தார்கள். மரணம், மீண்டும் மாரடைப்பு, இதயத் துடிப்பு நிற்பது, நெஞ்சுவலியோடு மறுபடி மருத்துவமனையில் சேர்வது எல்லாவற்றையும் கூட்டியபோது 17.4 சதவீதம் 14.8 ஆகக் குறைந்தது. ஆய்வின் பெயருக்கேற்ற அற்புதம் என்று அன்று கொண்டாடினார்கள். பிரித்துப் பார்த்தால் மரணத்திலும் மாரடைப்பிலும் தெளிவான வேறுபாடு இல்லை. லாபம் முழுவதும் நெஞ்சுவலியோடு திரும்பி வருவது குறைந்ததில் இருந்தது. மூன்றாண்டு கழித்து, 24 மணி நேரத்துக்குள்ளேயே பிரவாஸ்டாடின் தொடங்கிய பேக்ட் ஆய்வு 3,408 பேரில் 30 நாள் பலன் எதையும் உறுதியாகக் காட்டவில்லை. 2006இல் இப்படிப்பட்ட 12 ஆய்வுகளை, 13,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் முதல் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ உறுதியாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னர் வந்த காக்ரேன் தொகுப்பும் நிலையற்ற நெஞ்சுவலி மட்டும் நான்கு மாதத்தில் குறைகிறது என்று அதே முடிவுக்கு வந்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பாடம் சொல்வதாகத் தோன்றுவது தோற்றுப்போனதாகக் கருதப்படும் ஓர் ஆய்வு. 2004இல் வெளியான ஏ டு இசட் ஆய்வில் 4,497 பேர். ஒரு குழுவுக்கு ஒரு மாதம் சிம்வாஸ்டாடின் 40 மி.கி., பிறகு 80 மி.கி. மற்ற குழுவுக்கு முதல் நான்கு மாதம் வெறும் போலி மாத்திரை, பிறகு 20 மி.கி. ஆக, முதல் நான்கு மாதத்தில் ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எல்டிஎல் அளவில் இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஸ்டாடின் அவசரகால மருந்தாக இருந்தால் அது பளிச்சென்று வெளிப்பட்டிருக்க வேண்டிய காலம் இதுதான். அந்த நான்கு மாதத்தில் இரு குழுக்களின் கோடுகளும் ஒட்டிக்கொண்டே போயின. அதற்குப் பிறகு, இரண்டு குழுவும் ஸ்டாடின் சாப்பிட்டு எல்டிஎல் இடைவெளி குறுகிய காலத்தில்தான், கூடுதல் அளவு சாப்பிட்ட குழுவில் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மொத்தக் கணக்கில் 14.4க்கு 16.7 என்ற வேறுபாடு புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை என்பதால் இதைத் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். காலத்தைப் பிரித்துப் பார்ப்பவருக்கு அது வேறு சேதி சொல்கிறது: கொழுப்புக் குறைந்தது முதல் மாதங்களில், அதன் பலன் வந்துசேர்ந்தது பின்னால்.

அப்படியானால் புரூவ் இட் ஆய்வை என்ன செய்வது என்று இங்கே ஓர் இதய மருத்துவர் கேட்பார், நியாயமான கேள்வி. அதே 2004இல் வந்த அந்த ஆய்வு, சிகிச்சைக்குச் சேர்ந்த பத்து நாளுக்குள் 4,162 பேரைப் பிரித்து, பிரவாஸ்டாடின் 40 மி.கி. அல்லது அட்டோர்வாஸ்டாடின் 80 மி.கி. கொடுத்தது. பணம் போட்டது பிரவாஸ்டாடினை விற்ற பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப். தங்கள் மருந்து போட்டியாளரின் மருந்துக்குக் குறைந்ததல்ல என்று நிறுவுவதே நோக்கம். இரண்டு ஆண்டு முடிவில் 26.3க்கு 22.4 என்று போட்டியாளர் ஜெயித்தார். மருந்து நிறுவனங்கள் செலவு செய்யும் ஆய்வுகள் எல்லாம் அவர்களுக்குச் சாதகமாகவே முடியும் என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்டுவது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். விஷயத்துக்கு வருவோம். புரூவ் இட்டில் 30 நாளிலேயே 4.2 சதவீதம் 3.0 ஆகக் குறைந்தது உண்மை. அதில் மரணமும் மாரடைப்பும் மறுசேர்க்கையும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மிராக்கிளில் கண்டதுபோல மறுசேர்க்கைக்குப் பலன் சீக்கிரம் தென்படுவதில் முரண் இல்லை. ஆகவே முதல் வாரங்களில் பலனே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பலன் சிறியது, பெரும்பாலும் வலி திரும்புவதைக் குறைப்பது, உயிர்காக்கும் அவசரம் என்று அழைக்கத் தக்கதல்ல.

அழற்சி வாதமும் இருக்கிறது. ஸ்டாடின் சில வாரங்களில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவைக் குறைக்கிறது, குழாயின் உள்வரிச் செல்களில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது; ஆய்வகச் சான்றுகள் ஏராளம். இத்தாலியில் 171 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, ஸ்டென்ட் வைப்பதற்குச் சற்று முன் அட்டோர்வாஸ்டாடின் கொடுத்தால் 30 நாள் பாதிப்பு 17 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைகிறது என்று சொன்னபோது பலர் நம்பினார்கள். பிரேசிலில் 4,191 பேரைக் கொண்டு அதே யோசனையைச் சோதித்து 2018இல் வெளியிட்ட செக்யூர் பிசிஐ ஆய்வில் 7.1க்கு 6.2 என்று, தற்செயலால் வரக்கூடிய அளவுக்கு வேறுபாடு சுருங்கியது. உண்மையிலேயே ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் தெரிகிறது; அதை முற்றாக ஒதுக்க மாட்டேன், அதன்மேல் வீடு கட்டவும் மாட்டேன். மறுபுறம், எசெட்டிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் வேறு வகை மருந்து. இம்ப்ரூவ் இட் ஆய்வில் 18,144 பேரில் சிம்வாஸ்டாடினோடு அதைச் சேர்த்தபோது ஏழாண்டில் 34.7 சதவீதம் 32.7 ஆகக் குறைந்தது. எல்டிஎல் குறைந்த அளவிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய பலன்தான் அது. வழி எதுவானாலும் எல்டிஎல் குறைந்தால் பலன் கிடைக்கிறது என்றால், ஸ்டாடினுக்கென்று தனி மாயம் தேவையில்லை. குழாய்க்குள் ஒளிக் கருவியை அனுப்பித் திட்டின் மூடியையே அளந்த ஹியூஜன்ஸ் ஆய்வு இந்த மெதுவான வேகத்தைக் கண்முன் காட்டியது. மாரடைப்புக்குப் பின் தீவிர ஸ்டாடின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய ஓராண்டில் மூடியின் மிக மெல்லிய இடம் சராசரியாக 21.5 மைக்ரோமீட்டர் தடித்தது. எல்டிஎல்லை மேலும் குறைக்கும் எவலோகுமாப் ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 42.7. நார்த்திசு வளர்வதற்கு அதற்குரிய காலம் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆறு வாரம் கழித்து வெளிநோயாளிப் பிரிவில் தொடங்கினால் போதுமே என்று தோன்றலாம். இங்கேதான் வாதம் உயிரியலை விட்டு மனிதர்களிடம் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1990களில் சேம்ப் என்றொரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன், கொழுப்பு மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிடுவதே வழக்கம். வீடு திரும்பும் நாளில் ஸ்டாடின் கையில் இருந்தவர்கள் 6 சதவீதம். வார்டிலேயே தொடங்க வேண்டும் என்று விதி வைத்ததும் அது 86 சதவீதமானது. ஓராண்டு கழித்து எல்டிஎல் 100க்குக் கீழே இருந்தவர்கள் 6 சதவீதத்திலிருந்து 58 ஆக உயர்ந்தார்கள். ‘பிறகு’ என்று சொன்ன மாத்திரை பெரும்பாலும் தொடங்கப்படவே இல்லை. மருத்துவமனைக் கட்டிலில், பயம் ஆறாத நாளில் தொடங்கும் மாத்திரை இதயத்துக்கான மாத்திரை என்று மனத்தில் பதிகிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுவது கொழுப்புக்கான மாத்திரையாகத்தான் பதிகிறது. ரிப்போர்ட் சரியானால் அதை நிறுத்தவும் தோன்றும்.

இன்னொரு காரணம் அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. பெரிய மாரடைப்புக்கு ஒரு நாளுக்குப் பின் எல்டிஎல் தானாகவே இறங்கிவிடும், பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அப்போது அளந்தவருக்கு ‘கொழுப்பு நார்மல்’ என்று பொய்யான நிம்மதி கிடைக்கிறது. சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அளந்தாலும் கதை பெரிதாக மாறாது: 2009இல் அமெரிக்க மருத்துவமனைகளில் இதயநாள நோயால் சேர்ந்த 1,36,905 பேரின் அளவுகளை அலசியபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு எல்டிஎல் 100க்குக் கீழே இருந்தது. கொலஸ்ட்ரால் கோட்பாடே பொய் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை விரும்பிக் காட்டுவார்கள். ஆனால், நார்மல் என்பது ஊரில் பெரும்பாலானோருக்கு இருக்கும் அளவு. தீங்கற்ற அளவு என்று அதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே நோய் வந்துவிட்டவருக்கு, தொடக்க எல்டிஎல் எவ்வளவாக இருந்தாலும், அது 39 மி.கி. குறையும்தோறும் பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பதை 1,70,000 பேரின் விவரங்களைத் தொகுத்த 2010ஆம் ஆண்டுக் கணக்கு காட்டியது. அதனால்தான் இன்றைய ஐரோப்பிய வழிகாட்டுதல் தொடக்க அளவைப் பாராமல் தீவிர அளவில் தொடங்கச் சொல்கிறது. நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி அளந்து, 55க்குக் கீழே வராவிட்டால் மருந்தைக் கூட்டச் சொல்கிறது.

பக்கவிளைவை எழுப்பாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. சிம்வாஸ்டாடின் 80 மி.கி. தசையைச் சிதைக்கக்கூடும் என்பதை ஏ டு இசட் ஆய்வே காட்டியது. 2011இல் அமெரிக்கா அந்த அளவுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஸ்டாடின் சர்க்கரை நோயைச் சற்றே கூட்டுவதும் உண்மை: 255 பேர் நான்காண்டு சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக வருகிறது. சாதாரண உடல்வலி வேறு விஷயம். வலி தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியவர்கள் 60 பேருக்கு மாதம் மாற்றி மாதம் ஸ்டாடின், போலி மாத்திரை, எதுவும் இல்லை என்று கொடுத்துப் பார்த்த சாம்சன் ஆய்வில், ஸ்டாடின் மாதத்துத் தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதத்திலும் இருந்தது. வலி கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. வலிக்கிறது; காரணம் பெரும்பாலும் மாத்திரைக்குள் இல்லை. ஒரு முறை மாரடைப்பு வந்தவரின் தராசில் இவையெல்லாம் சேர்ந்தும் எதிர்த்தட்டைத் தூக்குவதில்லை.

முதல் நாள் மாத்திரையின் வேலை நெடுநாள் பழக்கத்தைத் தொடங்கிவைப்பது என்று ஏற்றுக்கொண்டால் நடைமுறையில் சில மாறும். வாந்தியெடுக்கும் நோயாளிக்கு அன்று அதைக் கொடுக்க முடியாமல் போனால் பதற வேண்டியதில்லை. மூன்றாம் மாதம் பாட்டில் காலியாகி மறுபடி வாங்காமல் விட்டால் பதற வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதயநாள அவசரநிலைக்குப் பின் ஸ்டாடின் தொடங்கிய முதியவர்களில் இரண்டாண்டு முடிவில் ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தவர்கள் 40 சதவீதம்தான். அங்கே முதியவர்களின் மருந்துச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. இந்தியாவையும் உள்ளடக்கிய 17 நாடுகளில் வீடுகளுக்கே போய் விசாரித்த ப்யூர் ஆய்வு 2011இல் சொன்னது இன்னும் மோசம்: இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பணக்கார நாடுகளில் 66.5 சதவீதம், இந்தியா இடம்பெற்ற குறைந்த வருமான நாடுகளின் தொகுதியில் 3.3 சதவீதம். மருத்துவமனைகளின் தரத்தை அளக்கும் அமெரிக்கத் திட்டங்கள் டிஸ்சார்ஜ் அன்று ஸ்டாடின் எழுதப்பட்டதா என்று கணக்கெடுக்கின்றன. ஆறாம் மாதத்திலும் அந்த நோயாளி அதை விழுங்குகிறாரா என்று கணக்கெடுப்பது கடினம், செலவும் கூடுதல். ஆனால் ஏ டு இசட் வரைபடத்தில் கோடுகள் பிரியத் தொடங்கியது நான்காம் மாதத்துக்குப் பிறகு.